நாலு மணிக்குக் கூப்பிட்ட குரல்

போட்ஸ்வானாவின் வடகிழக்கு மூலையில், தார்ச்சாலை முடிந்த பிறகும் நாலு மணி நேரம் மணலில் போனால்தான் அந்த விடுதி வரும். ஆறே ஆறு கூடாரங்கள். கூடாரம் என்று பெயர்தான். உள்ளே தேக்குக் கட்டில், செம்புத் தொட்டி, வெளியே கூடாரத்துக்கு ஒன்றாகச் சிறு நீச்சல் குளம். இதெல்லாம் மற்ற விடுதிகளிலும் உண்டு. இங்கே மட்டும்தான் யானைகள் நேரம் தவறுவதில்லை.

மற்ற இடங்களில் விருந்தினர்கள் ஜீப்பில் நாள் முழுக்கப் புழுதி தின்றுவிட்டு, தூரத்தில் ஒரு வாலைப் பார்த்துத் திரும்புவார்கள். இங்கே மரத்தளத்தில் தேநீரும் எலுமிச்சை கேக்குமாக உட்கார்ந்திருந்தால் போதும். மாலை நாலரைக்கு, எதிரே மொபானி மரக்காட்டிலிருந்து பதினான்கு யானைகள் வரிசையாக வெளியே வரும். மோட்டார் வைத்துத் தண்ணீர் நிரப்பும் குளத்தைச் சுற்றும். அங்கிருக்கும் பெரிய கறையான் புற்றைத் தந்தத்தாலும் காலாலும் தோண்டும். அவை உப்புக்காகத் தோண்டுகின்றன என்று ஒவ்வொரு அறையிலும் வைத்திருந்த சிறு புத்தகம் சொன்னது.

அந்த யானைகளை வரவழைத்தவள் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி, முப்பத்தாறு வயது. கடலுக்கடியில் கப்பல் சத்தம் அளக்கும் வேலையில் தொடங்கி, மண்ணுக்கடியில் யானைச் சத்தம் அளக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தவள். விருந்தினர்களிடம் அவள் அதிகம் பேசுவதில்லை. யானைகள் எப்படி நேரத்துக்கு வருகின்றன என்று யாராவது கேட்டால், ‘இயற்கையான பழக்கம்’ என்று சொல்லவேண்டும் என்பது விடுதியின் ஏற்பாடு.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம், மகன் எடுத்துக்கொடுத்த பயணச்சீட்டில் தனியாக வந்திறங்கிய தில்லைநாயகி அம்மாளிடம் அந்தப் பதில் செல்லவில்லை.

எல்லோரும் யானைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஜெசிந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

“ஏம்மா, நீ நம்ம ஊர்ப் பிள்ளையா?”

“தூத்துக்குடிம்மா.”

“நான் மதுரை. டெலிபோன்ஸ். வெளியூர் கால் போடுற ட்ரங்க் எக்சேஞ்சுல முப்பத்தோரு வருசம் ஆப்பரேட்டர். தப்பா நினைக்காத, ஒண்ணு கேக்குறேன். இதுகளுக்கு மணி பாக்கத் தெரியாது. அப்ப யாரோ கூப்பிடுறாங்க. யாரு?”

எட்டு மாதமாக ஜெசிந்தாவிடம் யாரும் நேரில் தமிழில் பேசியதில்லை. அதனாலேயோ என்னவோ, பொய் சொல்ல வாய் வரவில்லை.

“வாங்கம்மா, காட்டுறேன்” என்றாள்.

சமையற்கட்டுக்குப் பின்னால், அறை அளவுக்கு ஒரு கப்பல் சரக்குப் பெட்டி. அதற்குள்தான் அவளுடைய கருவிகள் இருந்தன. தில்லைநாயகி திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“யானை பேசுறதுல பாதி நம்ம காதுலயே விழாதும்மா. அவ்வளவு கீழ்ச் சுதி. காத்துலயும் தரைலயும் மைல் கணக்குல போகும். சுத்துவட்டாரம் முழுக்க மண்ணுல மைக் பொதச்சு வச்சிருக்கோம். ஒவ்வொரு யானைக்கும் பேரு இருக்கு. நாம வச்ச பேரு இல்ல, அதுகளே வச்சுக்கிட்டது. இந்த மெஷின் மூணு வருசமாக் கேட்டுக் கேட்டு அந்தப் பேரையெல்லாம் படிச்சிருச்சு.”

“படிச்சுட்டு?”

“புத்துக்குள்ள பெரிய ஒலிபெருக்கி இருக்கு. நாலு மணிக்கு மெஷின் பேர் சொல்லி வரச் சொல்லும். வந்துரும்.”

“யாரு குரல்ல சொல்லும்?”

ஜெசிந்தா திரையில் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினாள். “ம்மாபூலான்னு ஒரு பெரிய யானை. மழைக்கு அம்மான்னு அர்த்தம், இங்க உள்ளவங்க வச்ச பேரு. அதுதான் கூட்டத்துக்குத் தலைவி. ரெண்டு வருசம் முன்ன செத்துப்போச்சு.”

“செத்தது இதுகளுக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா. மாட்டு நோய் பரவாம இருக்க அரசாங்கம் போட்ட வேலி ஒண்ணு கிழக்க ஓடுது. மழைல வேலி சாஞ்சிருந்தப்ப அது மட்டும் தாண்டிப் போயிருச்சு. அதுக்குள்ள வேலியச் சரி பண்ணிட்டாங்க. அந்தப் பக்கமே விழுந்துருச்சு. இதுக யாரும் பாக்கல.”

“வரவேற்பறையில ஒரு பெரிய மண்டையோடு இருக்கே, எல்லாரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்குறாங்களே…”

“அவதான். தந்தத்த வனத்துறை எடுத்துக்கிச்சு. மண்டைய மேனேஜர் வாங்கிட்டு வந்துட்டார்.”

தில்லைநாயகி ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “அதுக பதிலுக்கு என்ன சொல்லுது? கேக்கலாமா?” என்றார்.

யானைகளின் குரலைச் சுதி உயர்த்தி ஹெட்போனில் போட்டுக் கொடுத்தாள் ஜெசிந்தா. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு நாளையது, இன்னொரு நாளையது, போன மாதத்தது. தேநீர் ஆறி ஆடை கட்டியது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “இதுக்கு என்ன பேரு போட்டிருக்க?” என்று கேட்டார்.

“வாழ்த்து. வந்தவுடனே ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிற மாதிரி.”

“இல்லம்மா. கடைசியில தூக்கி நிறுத்துது பாரு. நிறுத்திட்டு இடைவெளி விடுது. திரும்ப அதையே சொல்லுது. லைன்ல ஆள் இருக்கா இல்லையான்னு தெரியாதப்ப மனுசங்க ‘ஹலோ, ஹலோ’ம்பாங்கல்ல? முப்பத்தோரு வருசம் கேட்ட காதும்மா இது. இதுக ஏதோ கேக்குதுக. பதில் வரல.”

அவரை அறையில் விட்டுவிட்டு வந்து, ம்மாபூலா உயிரோடு இருந்த காலத்துப் பதிவுகளைத் தேடி எடுத்தாள் ஜெசிந்தா. அங்கேயும் அதே குரல் இருந்தது. ஒவ்வொரு முறையும் உடனே ம்மாபூலாவின் சின்ன உறுமல் ஒன்று வந்தது. அது வந்ததும் கேட்ட யானை அடங்கிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் பார்த்தாள். எல்லாவற்றிலும் அப்படியே.

எங்கே இருக்கிறாய்? இதோ இருக்கிறேன்.

அவளுடைய இயந்திரத்துக்கு ‘வா’ என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். இரண்டு வருடமாகப் பதினான்கு யானைகள் தினமும் வந்து, ‘எங்கே இருக்கிறாய்’ என்று கேட்டிருக்கின்றன. பதில் வராததால் குரல் வந்த புற்றைத் தோண்டியிருக்கின்றன. உப்புக்காக அல்ல.

மறுநாள் காலை ஓத்தெங் வந்தான். விடுதியின் வழிகாட்டி, நாற்பது வயது இருக்கும். ஐம்பது கிலோமீட்டர் வடக்கே உள்ள கிராமத்துக்காரன். எப்போதும் ஏதாவது கேலி பேசிக்கொண்டு வருபவன், அன்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

“குட்டி ஒன்று செத்துவிட்டது, ஜெசி. மூன்று வயதுக் குட்டி. தண்ணீரிலிருந்து இருநூறு அடி.”

“தண்ணீர் இருக்கிறதே? மோட்டார் ஓடுகிறதே?”

“தண்ணீர் இருக்கிறது. தின்ன இலை எங்கே இருக்கிறது? நடந்து போய்த் திரும்பும் தூரத்தில் ஒரு மரத்தில்கூடப் பட்டை இல்லை. ஜூனிலேயே இவை வடக்கே ஆற்றுக்குப் போயிருக்க வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். இரண்டு வருடமாகப் போகவில்லை. போன வருடம் பிறந்த குட்டிகளும் செத்தன, நான் சொன்னேன். வறட்சி என்று எழுதிக்கொண்டார்கள்.” அவன் திரையைக் காட்டினான். “தலைவி இங்கேயே இருந்து கூப்பிடும்போது அவை எப்படிப் போகும்?”

ஜெசிந்தா திரையை அணைத்தாள். எழுந்து நேரே மேனேஜரின் அறைக்குப் போனாள்.

மேனேஜர் பெயர் ரோலண்ட் கவுண்டன். டர்பனில் பிறந்தவர். நாலு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். பெயரில் இருந்த தமிழ் நாக்கில் இல்லை. ‘சாமி’, ‘ரசம்’, ‘பேசாம இரு’ ஆகிய மூன்றும்தான் அவருக்குத் தெரிந்த தமிழ். ஜெசிந்தா சொன்னதை முழுவதும் கேட்டார்.

“நவம்பர் வரை எல்லா அறையும் நிரம்பியிருக்கிறது” என்றார். “இவர்கள் யானைக்காக வருகிறார்கள். யானை வராவிட்டால் கேப்டவுனில் இருக்கும் முதலாளிகள் விடுதியை மூடிவிடுவார்கள். இங்கே வேலை பார்க்கும் நாற்பத்திரண்டு பேரில் பாதிப் பேர் ஓத்தெங்கின் ஊர்க்காரர்கள். அதையும் யோசி.”

“யோசித்தேன். இன்று நான் அதைப் போடப் போவதில்லை.”

“நிறுத்தினால் மட்டும் போய்விடுமா? குரல் நின்றுவிட்டதே என்று இங்கேயே தேடிக்கொண்டு நிற்கும். என்ன செய்வாய்? ‘போகலாம்’ என்று அவள் குரலில் இன்னொரு பொய் சொல்வாயா?”

அதைத்தான் செய்வதாக இருந்தாள் ஜெசிந்தா. ம்மாபூலா ‘போகலாம்’ என்று சொன்ன பதிவு ஒன்று அவளிடம் இருந்தது. அதை வண்டியில் வைத்துப் போட்டுக்கொண்டே வடக்கே ஓட்டிப் போகலாம் என்று வழியிலேயே கணக்குப் போட்டிருந்தாள். ரோலண்ட் அதைப் பொய் என்று சொன்னபோதுதான் அது பொய் என்று உறைத்தது.

வாசலில் தில்லைநாயகி நின்றிருந்தார். காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர், ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என்னம்மா, என்ன சொல்றார்?”

ஜெசிந்தா சொன்னாள். அவர் உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“எம்பத்தி மூணுல எங்க எக்சேஞ்சுக்கு ஒரு அம்மா வரும். வாரா வாரம் பம்பாய்க்கு கால் புக் பண்ணும். மகன் அங்க ஒரு மெஸ்ல தங்கி வேல பாத்தான். ஒருநா அந்த நம்பரே இல்லைன்னுட்டாங்க. மெஸ்ஸ மூடிட்டாங்க. பையன் எங்க போனான்னு யாருக்கும் தெரியல. அந்த அம்மா மூஞ்சியப் பாத்தா எங்களுக்குச் சொல்ல வாய் வரல. ‘நோ ரிப்ளைம்மா, அடுத்த வாரம் வாங்க’ன்னோம். அடுத்த வாரமும் அதையே சொன்னோம். எட்டு மாசம். அது வயல்வேலைய விட்டுட்டு, பஸ் ஏறி வந்து, பெஞ்சுல உக்காந்து உக்காந்து எந்திரிச்சுப் போகும். இரக்கப்பட்டுத்தான் சொன்னோம்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கடைசியில நான்தான் சொன்னேன், ‘அம்மா, அந்த நம்பரே இல்ல, எட்டு மாசமா இல்ல’ன்னு. அது அழல. ‘அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே பம்பாய்க்கு ரயில் ஏறியிருப்பேனே தாயி’ன்னு மட்டும் கேட்டுச்சு. அவ்வளவுதான்.”

ரோலண்ட் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன சொன்னார்கள்? எல்லாவற்றையும் சொல், சுருக்காதே” என்றார்.

ஜெசிந்தா ஆங்கிலத்தில் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து போய்விட்டார். அன்று நாலு மணிக்கு ஜெசிந்தா குரலைப் போடவில்லை. யானைகள் இரண்டு வருடப் பழக்கத்தில் தாமே வந்தன. இருட்டும்வரை புற்றைச் சுற்றி நின்றன.

மறுநாள் விடிந்தபோது குளிர் கடுமையாக இருந்தது. வரவேற்பறை வழியாகப் போன ஜெசிந்தா நின்றாள். பீடம் காலியாக இருந்தது. சுற்றி இருந்த பூச்சட்டிகள் மட்டும் அப்படியே இருந்தன. வெளியே, லேண்ட் குரூசரின் பின்பக்கம் போர்வை மூடிய பெரிய உருவம் ஒன்று கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. ஓத்தெங்கும் சமையற்கட்டு ஆட்கள் மூன்று பேரும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டுநர் இருக்கையில் ரோலண்ட்.

“என்னிடம் அனுமதி கேட்காதே” என்றார். “கேட்டால் இல்லை என்று சொல்லவேண்டி வரும். ஏறு.”

தில்லைநாயகி ஏற்கெனவே பின்னால் இரண்டு போர்வைகளோடு உட்கார்ந்திருந்தார்.

யானைகள் குளத்துக்கு வரும் தடத்தில், திறந்த மணலில், மண்டையோட்டை இறக்கி வைத்தார்கள். வண்டியை நூற்றைம்பது அடி தள்ளி, தங்கள் வாடை யானைகளுக்குப் போகாத பக்கமாக நிறுத்தினார்கள். ஜெசிந்தா மடியில் கணினி. எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒன்பது மணி சுமாருக்கு முதலில் வந்தது ஓர் இளம் பெண் யானை. தண்ணீரை நோக்கி வேகமாக வந்தது, பாதியில் நின்றது. தும்பிக்கையை நீட்டி மோந்தது. பிறகு பின்னாலேயே இரண்டடி நகர்ந்து, காதை விரித்து நின்றது. அதற்குள் மற்றவையும் வந்துவிட்டன. தண்ணீர் பக்கம் ஒன்றும் போகவில்லை.

ஒவ்வொன்றாக மண்டையோட்டைத் தொட்டன. தும்பிக்கை நுனியால் கண் குழியில், பல் வரிசையில், தந்தம் இருந்த ஓட்டையில். சில திரும்பி நின்று, பின்னங்காலின் உள்ளங்காலைத் தூக்கி, தூங்கும் பிள்ளையைத் தொடுவதுபோல் அதன்மேல் வைத்து எடுத்தன. சத்தமே இல்லை. கணினியில் மட்டும் கோடுகள் எழும்பின. அவற்றைப் படித்த ஜெசிந்தா மெல்லச் சொன்னாள்: “பேரைச் சொல்லுதுகம்மா. ம்மாபூலா பேரை. ஒவ்வொண்ணும்.”

“கேக்குதா, சொல்லுதா?”

“சொல்லுதும்மா. கடைசியில தூக்கல.”

உச்சிவெயில் வரை நின்றன. கூட்டத்தில் அடுத்து மூத்தவள் காது கிழிந்த ஒரு யானை. அவள் கடைசியாக வந்து, மண்டையோட்டைத் தொட்டு, அதை லேசாக உருட்டி, ஒரு கருவேலமர நிழல் பக்கம் தள்ளிவைத்தாள். பிறகு, வண்டியின் தகரத்தரை அதிர்ந்ததை எல்லோருமே உணர்ந்தார்கள். தில்லைநாயகி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஜெசிந்தா திரையைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. பதின்மூன்று யானைகளும் வடக்கே திரும்பியிருந்தன.

“போகலாம் என்கிறாள்” என்றான் ஓத்தெங். மற்றவர்களை விடுதியில் இறக்கிவிட்டு, அவன் அவற்றுக்குப் பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து சொன்னான்: அவன் ஊர் ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியை உடைத்திருக்கின்றன, ஒரு வேலி போயிற்று, ஊர்க்காரர்கள் அவனைத்தான் திட்டினார்கள். பதின்மூன்றும் ஆற்றை எட்டிவிட்டன.

யானைகள் போன அன்று மாலை நாலரைக்கு, விருந்தினர்கள் தளத்தில் உட்கார்ந்து வெறும் மணலைப் பார்த்தார்கள். பெல்ஜியத்துக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். தில்லைநாயகி இரண்டு துண்டு எலுமிச்சை கேக் சாப்பிட்டார்.

ஊருக்குக் கிளம்பும்போது ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “கெட்ட காரியம் பண்ணிட்டோமோன்னு உக்காந்து யோசிச்சிட்டு இருக்காத. போயி ஊர்ல இருக்கிற உங்க அம்மாகிட்டப் பேசு” என்றார்.

ஒரு வாரத்தில் கேப்டவுனிலிருந்து கடிதம் வந்தது. ரோலண்டுக்கு வேலை போயிற்று. விடுதியை மூடவில்லை, பாதி ஆட்களை நிறுத்தினார்கள். அதில் ஓத்தெங்கின் ஊர்க்காரர்கள் ஒன்பது பேர். இது ஜெசிந்தாவை வெகுநாள் அரித்தது. ரோலண்ட் போகும்போது அவளிடம் கோபப்படவில்லை, நல்லது செய்தோம் என்றும் சொல்லவில்லை. டர்பனில் மகளுக்குப் பள்ளி தேடவேண்டும் என்றார்.

அவளுக்கும் ஒப்பந்தம் முடிந்தது. கருவியையும், அதில் இருந்த பெயர்ப் பட்டியலையும் அறிக்கையோடு ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆற்றங்கரையில் அதே முதலாளிகளுக்கு இன்னொரு விடுதி இருந்தது. பதின்மூன்று யானைகளும் இப்போது அந்தப் பக்கம்தான்.

அறிக்கைக்காகத்தான் அந்தப் பதிவுகளைத் திறந்தாள். இன்ன பொருள் என்று இயந்திரத்தால் சொல்ல முடியாத குரல்களையெல்லாம் அது தனியாக ஒதுக்கி வைத்திருந்தது. பெரும்பாலும் தும்மல், கிளை முறிவு, லாரி. அவற்றுக்கிடையே ஒரே குரல் அறுபத்தோரு முறை இருந்தது. எல்லாமே காது கிழிந்தவளுடையது. எல்லாமே காலை ஏழிலிருந்து எட்டுக்குள். மாலையில் ஒன்றுகூட இல்லை.

தேதிகளைப் பார்த்தாள். செவ்வாய், செவ்வாய், செவ்வாய். மூன்று இடத்தில் மட்டும் புதன். ஏன் என்று பிடிபடவில்லை. ஓர் உந்துதலில் தன்னுடைய வேலைக் குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒலிபெருக்கியில் மண் அடைக்காமல் இருக்க, வாரம் ஒருமுறை செவ்வாய்க்கிழமை காலையில் அவள் புற்றுக்குப் போய்த் துடைத்துவிட்டு வருவாள். மூன்று வாரம் காய்ச்சலாலும் வேறு வேலையாலும் தள்ளிப்போய், புதன்கிழமை போயிருக்கிறாள்.

அறுபத்தோரு நாளும் அவள் போன நாள்தான்.

ஓத்தெங்கைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் நெடுநேரம் இரண்டு பட்டியலையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“காட்டுக்குள் நின்று உன்னைப் பார்த்திருக்கிறாள். உனக்குப் பேர் வைத்திருக்கிறாள்” என்றான். “அப்படியென்றால் அவளுக்குத் தெரியும். புற்றிலிருந்து கூப்பிடுவது யார் என்று முதலிலிருந்தே தெரியும்.”

“தெரிந்தும் ஏன் தினமும் வந்தாள்?”

“பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்தால் அவள் மட்டும் என்ன செய்வாள்?”

ஜெசிந்தா குறிப்பேட்டை மூடி வைத்தாள். பிறகு பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். ம்மாபூலாவின் குரலை முதலில் அழித்தாள். அதற்குப் பின் பெயர்கள், ஒவ்வொன்றாக. செத்துப்போன குட்டியின் பெயரையும் சேர்த்துப் பதினான்கு. ஒவ்வொரு முறையும் இயந்திரம், ‘உறுதியாகவா?’ என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் ஆம் என்றாள். இதற்கு நிறுவனம் அவள்மேல் வழக்குப் போடலாம் என்று ஓத்தெங் சொன்னான். போடட்டும் என்றாள்.

கடைசியாக அந்த அறுபத்தோரு பதிவு மிச்சம் இருந்தது. ஒன்றைச் சுதி உயர்த்திப் போட்டாள். சின்னக் குரல். இரண்டு அசை. முதலாவது கனமாக, இரண்டாவது தாழ்ந்து தேய்ந்து. அதில் கோபம் இருந்ததா என்று கவனித்துக் கேட்டாள். தெரியவில்லை. இன்னொரு முறை கேட்டாள்.

“இது?” என்று அழிக்கும் பொத்தானைக் காட்டிக் கேட்டான் ஓத்தெங்.

“இது என் பேரு” என்று தமிழில் சொல்லிவிட்டு, அதை மட்டும் தன் கைபேசிக்கு எடுத்துக்கொண்டாள்.